பள்ளம்

லெம்ஸ்டர் என்று சொல்ல வேண்டும்;
பலகையில் லியோமின்ஸ்டர் என்றிருக்கும்.
நடுவிலுள்ளதை விழுங்கப் பழக
எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

அங்கே சமூகக் கூடத்து வாசலில்
மே மாதக் குளிரில், காலை ஆறுக்கு,
பதினேழு சைக்கிள்கள்.
முந்நூறு கிலோமீட்டர், இருபது மணி நேரம்.
தாண்டினால் அட்டை செல்லாது.
பத்து மணி நேரத்துக்குள் வந்துவிட்டாலும் செல்லாது.
"கதவு பூட்டியிருக்கும்" என்றாள் முத்திரை குத்தும் மோரீன்,
"வெளியே நின்று உன் வேகத்தை நீயே மெச்சிக்கொள்."
ப்ளஸ் டூவில் இரண்டு மார்க்கில் போன முதலிடத்தை
இன்னும் கனவில் கூட்டிப் பார்க்கிறவள் நான்.
விதியை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

ரேயடரில் முட்டை, பீன்ஸ், ஒரு ரசீது.
வந்ததற்கு அதுதான் சாட்சி;
பாஸ்போர்ட் மாதிரி உள்பையில் வைத்துக்கொண்டேன்.
பிறகு எலான் அணைகளைச் சுற்றி ஏறும் சாலை,
ஆடுகள் நகராத சாலை,
நேர் எதிரே காற்று.

காற்று வாங்குவது என்றால் எனக்கு
எலியட்ஸ் பீச், சுண்டல், சும்மா இருப்பது.
இங்கே முன்னால் போகிறவர் வாங்குகிறார்,
பின்னால் வருகிறவர்களுக்காக.
இரண்டு நிமிடம் வாங்கிவிட்டு
முழங்கையை அசைத்து ஒதுங்கி
வரிசையின் வாலில் போய்ச் சேர்கிறார்.
யாரும் நன்றி சொல்வதில்லை. அதற்கு மூச்சு கிடையாது.

அபெரிஸ்ட்வித்தில் கடல்.
கடற்கரைச் சாலை முடிகிற இடத்துக் கம்பியை
உதைத்துவிட்டுத் திரும்ப வேண்டுமாம்.
உதைத்தோம். திரும்பினோம்.

நியூட்டவுன் தாண்டி, இருட்டில்,
முத்திரை குத்த ஆளில்லாத ஓரிடம்.
அட்டையில் ஒரு கேள்வி மட்டும்:
பாலத்தருகே பெஞ்சில் யார் பெயர்?
வேகக்காரர்கள் எப்போதோ போயிருந்தார்கள்.
க்விலிம் விளக்கைக் காட்ட, மிச்சம் ஏழு பேர்
குனிந்து படித்தோம்:
ஐரிஸ் புரோதரோ. மழை பிடித்தவள்.
மழை பெய்துகொண்டிருந்தது.
ஈர அட்டையில் பேனா எழுதவில்லை;
ஒரே பென்சில் ஏழு கை மாறியது.

இருநூற்று அறுபதாவது கிலோமீட்டரில் என் முறை.
நாள் முழுக்கக் கத்திய ஹோல், கார், கிராவல் எல்லாம்
பாட்டில் தண்ணீரோடு தீர்ந்துபோயிருந்தது.
சாலையில் கறுப்பாக ஒன்று வாய் திறந்தது.
"பள்ளம்!" என்றேன்.

ஒரு நொடிகூடத் தயங்காமல்
பின்னால் க்விலிம் அதை வாங்கிக் கத்தினார்,
வெல்ஷ் நாக்கின் ஓரத்தில்
அந்த ள்ள-வைச் சீறவிட்டு.
அவருக்குப் பின்னால் ஜோசலின், பிறகு ஸவாட்ஸ்கி.
கடைசியில் வந்த அபர்நெத்தியிடம் சேர்கையில்
அது "பலம்" ஆகியிருந்தது.
"பலம்!" என்று உற்சாகமாகக் கத்திக்கொண்டே
அவர் நேராக அதற்குள் இறங்கினார்.

யாரும் போகவில்லை.
ஒருவர் விளக்கு, ஒருவர் பம்ப், ஒருவர் வாழைப்பழம்.
"அழகான வார்த்தை" என்றார் டியூபைப் பிடுங்கியபடி,
"என்ன அர்த்தம்?"
நான் சாலையைக் கைகாட்டினேன்.
ஏழு பேரும் மழையில் சிரித்ததற்கு
ஒரு பண்ணை நாய் நெடுநேரம் பதில் சொன்னது.
அதன்பிறகு ஊர் வரும்வரை
யாரும் ஹோல் என்று சொல்லவில்லை.

ஒன்று நாற்பதுக்குக் கூடத்தில் சூப், பிரெட் புட்டிங்.
மோரீன் ஒட்டிய பட்டியலில் நேரமே இல்லை,
ஆங்கில அகர வரிசை மட்டும்.
எல்லாருக்கும் பின்னால் உள்ளே வந்த
அபர்நெத்தி முதலில்.
ஒன்பதரைக்கே முடித்துத் தூங்கப் போய்விட்ட
யூல் அடியில், ஸவாட்ஸ்கிக்கு மேல்.
என்னை நான் தேடவில்லை என்று சொன்னால் பொய்.

வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்.
அது எந்தக் கணக்கிலும் வராது.
எட்னம் தெருவில் கவுன்சில் மறந்த ஒரு குழி,
எனக்கு நன்றாகவே தெரிந்த குழி.
பின்னால் யாருமில்லை.
ஆனாலும் கை தானாகக் கீழே காட்டிற்று,
வாய் தானாகச் சொல்லிற்று,
ள்ள-வைக் கொஞ்சம் சீறவிட்டு.